கல்வி ஆய்வைப் படிப்பதும் வகுப்பறையில் பயன்படுத்துவதும்: வடசென்னை எம்.எட். மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

எம்.எட்., எம்.ஏ. கல்வியியல், பிஎச்.டி. என எதில் சேர்ந்தாலும் முதல் சில மாதங்களிலேயே ஆய்வுக் கட்டுரைகள் வரிசை கட்டி வந்துவிடும். பெரும்பாலோர் சுருக்கத்தைப் படிக்கிறார்கள், நேராக முடிவுரைக்குத் தாவுகிறார்கள், அங்கிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் சேர்த்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து பக்கங்களை யாரும் தொடுவதில்லை. ஆனால் கட்டுரையின் உயிர் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. யாருக்கு, எவ்வளவு நேரம், எதோடு ஒப்பிட்டு, எந்தத் தேர்வால் அளந்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். முடிவை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் வகுப்பில் அது வேலை செய்யாது. அந்த முடிவு எந்த நிபந்தனைகளில் கிடைத்ததோ அவற்றையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளி, 4ஆம் வகுப்பு. மொத்தம் 32 பிள்ளைகள், அவர்களில் 11 பேருக்கு 2ஆம் வகுப்புப் பாடப் பத்தியை வாசிக்க வரவில்லை. வகுப்பாசிரியர் எம்.எட். படிக்கிறார், அல்லது எம்.எட். மாணவர் ஒருவர் அங்கே களப்பணிக்குப் போகிறார்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

"தொடக்கப் பள்ளி மாணவர்களின் வாசிப்புத் திறன்" என்பது தலைப்பு. அதை வைத்துத் தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து குவியும், ஒன்றும் கைக்கு உதவாது. கேள்வி என்றால் அதில் நான்கு விஷயம் தெரிய வேண்டும்: யாருக்கு, என்ன செய்கிறோம், செய்யாவிட்டால் அவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும், எதை அளக்கிறோம். "4ஆம் வகுப்பில் பத்தி வாசிக்க வராத பிள்ளைகளைத் தினமும் தனிக் குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால், வழக்கமான வகுப்பிலேயே இருப்பதைவிட, ஒரு நிமிடத்தில் பிழையில்லாமல் வாசிக்கும் சொற்களின் எண்ணிக்கை கூடுமா?" இப்படி எழுதிவிட்டால் எந்தக் கட்டுரையை எடுக்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும்.

எழுதுவதற்கு முன் அந்த 11 பேரையும் ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்து வகுப்புகளில் வீட்டில் தெலுங்கோ உருதுவோ இந்தியோ பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் சிலர் எழுத்துக்கூட்டிச் சரியாகவே வாசிப்பார்கள், சொல்லுக்குப் பொருள்தான் தெரியாது. இன்னும் சிலருக்கு உயிர்மெய் எழுத்துகளிலேயே தடுமாற்றம் இருக்கும். மூன்றாவது வகைப் பிள்ளைக்கு எல்லாம் வரும், ஆனால் வாரத்தில் இரண்டு நாள்தான் பள்ளிக்கே வருகிறது. வெளியில் பார்த்தால் மூவரும் "வாசிக்கத் தெரியாதவர்கள்". தேட வேண்டிய ஆய்வோ மூவருக்கும் வேறு வேறு. முதல் வகைக்கு இரண்டாம் மொழியில் வாசிப்பு பற்றியும், இரண்டாவதற்கு எழுத்து-ஒலித் தொடர்பு பற்றியும், மூன்றாவதற்கு வருகை பற்றியும் தேட வேண்டும். இந்த அரை நாள் வேலையைத் தவிர்த்தவர்கள் பிறகு ஆறு மாதம் தவறான கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கே, எப்படித் தேடுவது

கூகுள் ஸ்காலரில் தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஆங்கிலச் சொற்களில் தேடுங்கள். இரண்டு மூன்று சொல் சேர்ந்த தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், நாட்டின் பெயரையும் வகுப்பு நிலையையும் சேருங்கள். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் புதிதாகத் தேடுவதை நிறுத்திவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் நடங்கள். பின்னோக்கிப் போக அதன் துணைநூல் பட்டியல் இருக்கிறது, முன்னோக்கிப் போக "சைட்டட் பை" என்ற இணைப்பு இருக்கிறது. அந்தக் கட்டுரையை மறுத்தவர்களும் திருத்தியவர்களும் முன்னோக்கிப் போனால்தான் அகப்படுவார்கள். கட்டணம் கேட்கும் கட்டுரையாக இருந்தால் அதன் கீழே உள்ள "ஆல் வெர்ஷன்ஸ்" இணைப்பைத் தட்டுங்கள். பொருளியல் துறையினர் எழுதும் கல்வி ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் இலவச முன்வடிவம் இருக்கும்.

எரிக் என்பது அமெரிக்கக் கல்வித் துறையின் இலவசத் தரவுத்தளம், 1960களிலிருந்து இயங்குகிறது. அதற்கென்று ஒரு சொற்களஞ்சியம் உண்டு. உங்கள் சொல்லை அதில் தேடி, அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரைக் கண்டுபிடித்து அதை வைத்துத் தேடினால் குப்பை வெகுவாகக் குறையும். துறை வல்லுநர் மதிப்பிட்டவை மட்டும், முழுக் கட்டுரை கிடைப்பவை மட்டும் என்ற இரண்டு பெட்டிகளையும் டிக் செய்துகொள்ளுங்கள்.

இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. அங்கே முடிவுகளைவிடப் பின்னிணைப்புகள்தான் பயன்படும். தமிழில் உருவாக்கிய வினாத்தாள்கள், அளவீட்டுப் படிவங்கள், அனுமதிக் கடித மாதிரிகள் எல்லாம் அங்கே இருக்கும். என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் இந்தியன் எஜுகேஷனல் ரிவியூ இதழையும் இலவசமாகப் படிக்கலாம்.

அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்கள் ஒன்றைத் தவறவிடக் கூடாது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் உள்ளன. உங்கள் நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரி மாணவர்களுக்கு இது கிடைப்பதில்லை. அவர்கள் கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம், பலர் அனுப்பிவைப்பார்கள்.

அச்சில் தேட வேண்டியவற்றுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் வடசென்னைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் வந்தால் சென்ட்ரலில் மாறி அடுத்த நிலையத்தில் இறங்கலாம். வீட்டில் அமர்ந்து படிக்க இடமில்லை என்றால் கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது.

போலி இதழ்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு, தான் ஏற்கும் இதழ்களின் பட்டியலான கேர் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டதால், எது தரமான இதழ் என்று பார்க்கும் பொறுப்பு இப்போது கல்லூரிகளிடமும் உங்களிடமும் வந்திருக்கிறது. மூன்று நாளில் ஏற்பு, பணம் கட்டினால் உடனே வெளியீடு, வாட்ஸ்அப் எண்ணில் தொடர்பு, ஒரே இதழில் கல்வியியலும் கடல் உயிரியலும் வேதியியலும் கலந்து வருவது, பெயர் தெரியாத நிறுவனம் கொடுத்த "தாக்கக் காரணி" எல்லாமே எச்சரிக்கைகள்தான். இவற்றில் இரண்டு இருந்தாலே ஒதுங்கிவிடுங்கள். அங்கே வெளியிடவும் வேண்டாம், அங்கிருந்து மேற்கோளும் வேண்டாம்.

ஒரு கட்டுரையை மூன்று தடவை படிப்பது

முதல் தடவைக்குப் பத்து நிமிடம் போதும். தலைப்பு, சுருக்கம், அட்டவணைகள் இவ்வளவுதான். எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை பேர், உங்கள் கேள்விக்குத் தொடர்புண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடிவைத்துவிடலாம், குற்ற உணர்ச்சி தேவையில்லை. பத்தில் ஏழு கட்டுரை இந்தக் கட்டத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது தடவை முக்கால் மணி நேரம், பென்சிலோடு. ஆய்வு முறை பற்றிய பகுதியை முதலில் படியுங்கள், பிறகு அட்டவணைகள், கடைசியில் முடிவுரை. முடிவுரையை முதலில் படித்துவிட்டால் கண் அதற்குச் சாதகமானதை மட்டும் தேடும். வரிசையை மாற்றினால், ஆய்வாளர் சொல்வதற்கு முன்பே அட்டவணை என்ன சொல்கிறது என்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அதன்பின் அவருடைய முடிவுரையைப் படித்தால் எங்கே அவர் எண்ணைத் தாண்டிப் பேசுகிறார் என்பது தானாகப் பிடிபடும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எழுத வேண்டியவை: ஊர், ஆண்டு; எத்தனை பள்ளி, எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள்; குழுக்களை எப்படிப் பிரித்தார்கள்; பாடம் சொன்னவர் யார், அவருக்கு எவ்வளவு பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம், எத்தனை வாரம்; ஒப்பீட்டுக் குழுவுக்கு அந்த நேரத்தில் என்ன நடந்தது; தேர்வுத்தாளைத் தயாரித்தவர் யார், திருத்தியவர் யார்; தொடக்கத்தில் எத்தனை பேர், முடிவில் எத்தனை பேர்; விளைவின் அளவு. கட்டுரையில் ஒரு விவரம் இல்லையென்றால் அந்த இடத்தை வெற்றாக விடாமல் "சொல்லவில்லை" என்று எழுதுங்கள். முப்பது பக்கம் சேர்ந்தபின் எந்தக் கட்டத்தில் "சொல்லவில்லை" அதிகம் என்று பார்த்தால், உங்கள் ஆய்வுக்கான இடைவெளியே அங்கே கிடைக்கலாம். பக்கத்தின் அடியில் உங்கள் சொந்தத் தமிழில் ஒரு வாக்கியம்: இவர்கள் யாருக்கு என்ன செய்து எதைக் கண்டார்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் கட்டுரை இன்னும் புரியவில்லை என்று பொருள். துணைநூல் விவரங்களைக் கையால் எழுதிக் குழம்ப வேண்டாம், ஸொடேரோ என்ற இலவச மென்பொருளில் சேமித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை, உங்கள் ஆய்வே எதன்மீது நிற்கப்போகிறதோ அந்த ஐந்தாறு கட்டுரைகளுக்கு மட்டும். கால்குலேட்டரை எடுத்து அட்டவணையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அட்டவணையில் வழுக்கும் இடங்கள்

இங்கே நிதானமாகப் போக வேண்டும். பயிற்சிக்காக நாமே ஒரு கணக்கை உருவாக்குவோம். 25 மதிப்பெண் வாசிப்புத் தேர்வு. புதிய முறையில் படித்த சோதனைக் குழுவின் முன் தேர்வுச் சராசரி 11.8, பின் தேர்வுச் சராசரி 15.4. கட்டுப்பாட்டுக் குழுவுக்கு, அதாவது ஒப்பீட்டுக் குழுவுக்கு, 9.6, 13.0. திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, எல்லாவற்றிலும் 4 என்று வையுங்கள்.

இப்படிப்பட்ட அட்டவணைக்குக் கீழே ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் வாக்கியம்: "சோதனைக் குழுவின் முன் தேர்வுக்கும் பின் தேர்வுக்கும் இடையே 0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது. எனவே இக்கற்பித்தல் முறை பயனுள்ளது." சோதனைக் குழு 3.6 கூடியது உண்மை. ஆனால் ஒன்றும் செய்யாத கட்டுப்பாட்டுக் குழுவும் 3.4 கூடியிருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், வளர்ந்தார்கள், அதனால் கூடியது. புதிய முறை சேர்த்தது வெறும் 0.2 மதிப்பெண். சிலர் பின் தேர்வை மட்டும் ஒப்பிட்டு 2.4 வேறுபாடு என்பார்கள். அதில் 2.2 தொடக்கத்திலேயே இருந்தது. ஒரு குழுவுக்குள் முன்னும் பின்னும் பார்ப்பது விடையாகாது, இரு குழுக்களின் ஏற்றத்தை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். இந்த ஒரு சோதனையைப் போட்டாலே நூலக அலமாரியில் உள்ள பல ஆய்வேடுகளின் முடிவு தலைகீழாகிவிடும்.

அந்த 0.2ஐத் திட்ட விலக்கமான 4ஆல் வகுத்தால் 0.05. இதுதான் விளைவளவு, அதாவது எஃபெக்ட் சைஸ். வெவ்வேறு தேர்வுகளில் கிடைத்த முடிவுகளை ஒரே அலகில் பார்க்க உதவும். பாடநூல்கள் கோஹென் சொன்ன 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்ற அளவுகோலைத் தருகின்றன. அது பொதுவான உளவியல் ஆய்வுகளை மனத்தில் வைத்துச் சொன்னது. பள்ளிகளில் நடந்த பெரிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த மேத்யூ கிராஃப்ட் 2020இல் வேறு அளவுகோலை முன்வைத்தார்: தரப்படுத்திய தேர்வில் 0.05க்குக் கீழ் சிறியது, 0.05 முதல் 0.20 வரை நடுத்தரம், 0.20க்கு மேல் பெரியது. ஆகவே நாற்பது பேரை வைத்து ஆறு வாரத்தில் 1.5 கிடைத்தது என்று ஒரு கட்டுரை சொன்னால் மகிழ்ச்சிக்கு முன் சந்தேகம் வர வேண்டும். சியுங்கும் ஸ்லேவினும் 2016இல் காட்டியது இதுதான்: ஆய்வாளர் தாமே தயாரித்த தேர்வு, சிறு மாதிரி, இதழில் வெளியான கட்டுரை ஆகியவற்றில் கிடைக்கும் விளைவளவு, பொதுத் தேர்வு, பெரிய மாதிரி, வெளியாகாத அறிக்கை ஆகியவற்றில் கிடைப்பதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சொல்லிக்கொடுத்ததையே கேள்வியாகக் கேட்டால் மதிப்பெண் ஏறத்தானே செய்யும்.

பி மதிப்பைப் பற்றிய குழப்பம் தீராதது. உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வேறுபாடோ இதைவிடப் பெரியதோ தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழ் இருந்தால் "0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்கது" என்கிறார்கள். வேறுபாடு பெரிதா, பயனுள்ளதா என்று அது சொல்வதில்லை. 300 ஆசிரியர்களிடம் வினாத்தாள் கொடுத்து, பணித் திருப்தியும் கற்பித்தல் திறனும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.12 வந்தால், 0.05 மட்டத்தில் "குறிப்பிடத்தக்கது" என்று எழுதிவிடலாம். 0.12ஐ வர்க்கப்படுத்துங்கள்: 0.0144. ஒன்றின் ஏற்ற இறக்கத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட மற்றதோடு சேர்ந்து போகவில்லை. இதை வைத்து அரசுக்குப் பரிந்துரை எழுதுவது நியாயமில்லை.

அதே வினாத்தாளை வைத்துப் பால், பயிற்று மொழி, பள்ளி நிர்வாகம், வசிப்பிடம், பெற்றோர் கல்வி என்று ஐந்து பின்னணி மாறிகளையும் நான்கு கூறுகளையும் ஒப்பிட்டால் 20 சோதனைகள். ஒன்றிலுமே உண்மையான வேறுபாடு இல்லாவிட்டாலும், சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், குறைந்தது ஒன்றிலாவது "குறிப்பிடத்தக்கது" என்று காட்டும் நட்சத்திரக் குறி விழ 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு "பெண் ஆசிரியர்களே சிறந்தவர்கள்" என்று இயல் முழுக்க விளக்கம் எழுதுவதைப் பார்க்கலாம். ஒரு கட்டுரையில் எத்தனை சோதனை நடந்தது என்று எண்ணுங்கள், அதற்குப் பிறகுதான் நட்சத்திரங்களைப் பாருங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 10 பள்ளிகளிலிருந்து பள்ளிக்கு 30 பேராக 300 பிள்ளைகளை எடுத்தால், அது 300 தனித்தனிச் சான்று ஆகிவிடாது. ஒரே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், ஒரே தெரு, ஒரே மாதிரி வீடுகள். அந்த ஒற்றுமையின் அளவு 0.15 என்று வைத்துக்கொண்டால் கணக்கு: 1 + (30 − 1) × 0.15 = 5.35. முந்நூறை 5.35ஆல் வகுத்தால் 56. அதாவது அந்த மாதிரிக்கு 56 பேரின் பலம்தான். ஒரு பள்ளியில் ஒரு பிரிவைச் சோதனைக் குழுவாகவும் இன்னொரு பிரிவைக் கட்டுப்பாட்டுக் குழுவாகவும் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒப்பிடப்படுவது இரண்டு ஆசிரியர்கள்.

குறைதீர் கற்பித்தல் ஆய்வுகளை எடுக்கும்போது மட்டும் இன்னொரு கண் வேண்டும். மெல்லக் கற்போர் என்று ஒரே தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவர்களைத் தேர்ந்தால், அவர்களில் சிலர் அன்றைக்குக் காய்ச்சலிலோ பசியிலோ இருந்தவர்கள். அடுத்த தேர்வில் எதுவும் செய்யாமலேயே அவர்கள் ஏறுவார்கள். அந்த ஏற்றத்தைக் கற்பித்தல் முறையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

நேர்காணல், களப்பணி ஆய்வுகள்

எண் இல்லாத ஆய்வு எளிது என்று நினைப்பது தவறு. ஆய்வாளர் எவ்வளவு காலம் அங்கே இருந்தார், எந்த மொழியில் பேசினார், பேசியவர்களுக்கு அவர் மேலதிகாரியாகத் தெரிந்தாரா, தன் முடிவுக்கு ஒத்துவராத ஒருவரையாவது காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். இருபது பேரிடம் பேசிவிட்டு மேற்கோள்களை எல்லாம் இரண்டே பேரிடமிருந்து எடுத்திருந்தால் மீதி பதினெட்டுப் பேர் என்ன சொன்னார்கள் என்று கேட்க வேண்டும். ஏன் ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்ற கேள்விக்கு இத்தகைய ஆய்வுதான் விடை சொல்லும். எத்தனை பேர் வரவில்லை என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது.

தண்டையார்பேட்டைக்குப் பொருந்துமா?

நம் 11 பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான இந்திய ஆய்வு பால்சகி. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய இந்தத் திட்டத்தை அபிஜித் பானர்ஜி, ஷான் கோல், எஸ்தர் டுஃப்லோ, லீ லிண்டன் ஆகியோர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். 3, 4ஆம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை 15 முதல் 20 பேர் கொண்ட குழுவாக வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு போய், அந்தப் பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பள்ளியின் சராசரி முதல் ஆண்டில் 0.14 திட்ட விலக்கமும் இரண்டாம் ஆண்டில் 0.28உம் கூடியது. ஏற்றம் குழுவுக்குப் போன பிள்ளைகளிடம்தான் இருந்தது. திட்டம் நின்று ஓராண்டு கழித்து அவர்களிடம் எஞ்சியது ஏறத்தாழ 0.10.

நகரம், மாநகராட்சிப் பள்ளி, அதே வகுப்பு. எல்லாம் பொருந்துவதுபோல் தெரியும். இப்போது நேரத்தைக் கணக்குப் போடுங்கள். நீங்கள் தினமும் ஒரு பாடவேளை, 40 நிமிடம், வாரம் ஐந்து நாள், எட்டு வாரம் ஒதுக்குகிறீர்கள். மொத்தம் 1,600 நிமிடம், அதாவது 27 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பால்சகிப் பிள்ளைக்கு மாதத்தில் 20 பள்ளி நாள் என்றால் ஒரே மாதத்தில் 40 மணி நேரம் கிடைத்திருக்கும். உங்கள் எட்டு வாரம் அவர்களுடைய ஒரு மாதத்தை எட்டவில்லை. "பால்சகி ஆய்வின்படி 0.28 எதிர்பார்க்கலாம்" என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு. அங்கே தனி ஆள் இருந்தார். இங்கே வகுப்பாசிரியரே குழுவை எடுத்தால் மீதி 21 பேர் அந்த 40 நிமிடம் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் தொடங்கவே கூடாது.

தமிழ்நாட்டுச் சான்று வேண்டுமென்றால், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் கொரோனாவுக்குப் பின் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்தது இருக்கிறது. 2021 டிசம்பரில் கணக்கில் ஏறத்தாழ 0.7, மொழியில் 0.34 திட்ட விலக்க இழப்பு. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் அளவுக்கு, தன்னார்வலர்களைக் கொண்டு அரசு நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பங்கு. மிக நல்ல ஆய்வு. ஆனால் அது தமிழகக் கிராமங்களில் நடந்தது. வியாசர்பாடி அடுக்குமாடிக் குடியிருப்பில் தன்னார்வலர் வீட்டு மாடியில் நடக்கும் வகுப்புக்கு அந்த 24 சதவீதத்தை அப்படியே சொல்ல முடியாது. பிள்ளைகளின் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் நாடு முழுவதும் சோதிக்கும் ஏசர் அறிக்கைகளும் வழக்கமாகக் கிராமப்புறத்துக்கு மட்டுமே. சென்னைப் பள்ளியைப் பற்றி எழுதும்போது ஏசர் எண்ணை முன்னுரையில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

வகுப்பு அளவு பற்றி எழுதுவோர் எல்லோரும் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த ஸ்டார் சோதனையை மேற்கோள் காட்டுவார்கள். 1985இல் தொடங்கிய அந்தச் சோதனை 13-17 பேர் வகுப்பை 22-25 பேர் வகுப்போடு ஒப்பிட்டது. உங்கள் பள்ளியில் 45 பேர் 36 ஆகிறார்கள் என்றால் அந்த எல்லைக்குள் நீங்கள் வரவே இல்லை.

சில தலைப்புகளைத் தொடங்கும் முன்பே விடுவது நல்லது. பிள்ளையின் "கற்றல் பாணி"க்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கும் என்பது அவற்றில் ஒன்று. பாஷ்லரும் அவருடைய குழுவினரும் 2008இல் சான்றுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அதை நிறுவத் தகுந்த வடிவமைப்புடைய ஆய்வுகளே மிகக் குறைவு, அவற்றிலும் பல அக்கருத்துக்கு எதிராக இருந்தன. ஆனாலும் எம்.எட். தலைப்புப் பட்டியலில் அது ஆண்டுதோறும் வருகிறது.

வகுப்பில் முயன்று பார்ப்பது

தலைமை ஆசிரியரின் அனுமதியும் மாநகராட்சிக் கல்வித் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும் முதலில். பெற்றோர் ஒப்புதல் படிவம் தமிழில் அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. வாசிக்க இயலாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நோட்டில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள்.

காலத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். புளியந்தோப்பு, வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கம் தண்ணீர் தேங்கினால் வருகை கலைந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரத்தில் பின் தேர்வு வைத்திருந்தால் யார் வந்தார்களோ அவர்களைத்தான் அளந்திருப்பீர்கள். ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் இறுதிக்குள் முடித்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் எட்டு வாரம் கிடைக்கும்.

தொடங்கும் முன் வேறு வேறு நாளில் இரண்டு முறை வாசிக்கச் செய்து சராசரி எடுங்கள். காய்ச்சல் நாள் பிரச்சினை இதில் குறையும். வாசிக்கச் செய்யும் முறை: ஒரு நிமிடம், புதிய பத்தி. பிள்ளை ஒரு சொல்லில் மூன்று விநாடி நின்றால் நீங்களே சொல்லிவிட்டுப் பிழையாகக் குறித்துக்கொள்ளுங்கள். தானாகத் திருத்திக்கொண்டால் சரி என்றே எண்ணுங்கள். முன்னும் பின்னும் ஒரே பத்தியைக் கொடுத்தால் மனப்பாடத்தை அளப்பீர்கள். ஒத்த கடினமுள்ள இரு பத்திகளைத் தயாரித்து, பாதிப் பேருக்கு முன் தேர்வில் முதல் பத்தியையும் மீதிப் பேருக்கு இரண்டாவதையும் கொடுத்து, பின் தேர்வில் மாற்றிவிடுங்கள். பின் தேர்வை வேறு ஆசிரியர் நடத்தட்டும், யார் எந்தக் குழு என்று அவருக்குத் தெரியக் கூடாது.

ஒப்பிடுவதற்கு: 11 பேரையும் குலுக்கலில் 6, 5 என்று பிரியுங்கள். முதல் ஆறு பேருக்கு இப்போது எட்டு வாரம், மீதி ஐந்து பேருக்கு அடுத்த எட்டு வாரம். யாருக்கும் மறுக்கப்படுவதில்லை, முதல் எட்டு வாரத்துக்கு உண்மையான ஒப்பீட்டுக் குழுவும் கிடைக்கும். 11 பேரை வைத்து, இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு, முன் எண், பின் எண், பக்கத்தில் எத்தனை நாள் வந்தது. 40 நாளில் 17 நாள் வந்த பிள்ளை ஏறவில்லை என்றால் அது கற்பித்தல் முறையின் தோல்வி ஆகாது. அந்தப் பிள்ளைக்கு வேறு கேள்வி, வேறு ஆய்வு.

நான்காவது வாரத்தில் ஒரு தடவை நின்று பாருங்கள். மீதி 21 பேரின் கணக்குப் பாடம் பின்தங்குகிறது என்று தெரிந்தால் நேரத்தை மாற்றுங்கள், மாற்றியதை எழுதிவையுங்கள். மாற்றியதை மறைத்து எழுதும் அறிக்கை அடுத்தவருக்குப் பயன்படாது.

இரண்டாம் இயலை எழுதுவது

ஆண்டு வரிசையில் "இவர் இதைக் கண்டறிந்தார், அவர் அதைக் கண்டறிந்தார்" என்று நாற்பது பத்தி எழுதுவது இலக்கிய ஆய்வு ஆகாது. உங்கள் நோட்டின் கட்டங்களைப் பார்த்து நிபந்தனை வாரியாகச் சேருங்கள். தனி ஆள் நடத்திய குழுக்கள் ஒரு பக்கம், வகுப்பாசிரியரே நடத்தியவை மறுபக்கம். வீட்டு மொழியே பயிற்று மொழியாக இருந்த பிள்ளைகள் ஒருபுறம், வேறு மொழி வீட்டுப் பிள்ளைகள் மறுபுறம். ஒரு பத்தி இப்படித் தொடங்கலாம்: "பின்தங்கிய பிள்ளைகளைத் தனிக் குழுவாக்கிக் கற்பித்தல், தனி ஆளும் தினமும் இரண்டு மணி நேரமும் கிடைத்த நகரப் பள்ளிகளில் பலன் தந்துள்ளது, ஒரே ஆசிரியரைக் கொண்டு ஒரு பாடவேளைக்குள் அதைச் செய்தபோது என்ன ஆகும் என்பதற்கு அதில் விடை இல்லை." அடுத்த வாக்கியத்தில் உங்கள் ஆய்வுக்கான தேவை இயல்பாகவே வந்துவிடும். முரண்படும் இரண்டு ஆய்வுகள் கிடைத்தால் ஒன்றை ஒளிக்காதீர்கள். வயது, நேரம், தேர்வு, ஒப்பீட்டுக் குழு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் முரண் ஏன் வந்தது என்று தெரியும்.

மூலக் கட்டுரையைப் படிக்காமல் இன்னொருவர் எடுத்தாண்டதை எடுத்தாளாதீர்கள், எண்கள் அந்த வழியில்தான் திரிகின்றன. ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி தமிழாக்கிப் பெயர் குறிப்பிடாமல் போடுவதும் திருட்டுதான், மென்பொருள் கண்டுபிடிக்காது என்பதால் அது சரியாகிவிடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஆய்வேடு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். நோட்டின் அடியில் சொந்தத் தமிழில் எழுதிய அந்த ஒற்றை வாக்கியங்களிலிருந்து இயலைத் தொடங்குபவர்களுக்கு இந்தக் கவலையே வராது.